மேளம் முழங்கியும் விளக்கு ஆடவில்லையா? பந்தல் இசை-ஒளி அமைப்பின் பழுதுகளை அறிகுறி வாரியாகப் பார்ப்பது எப்படி

தைப்பூசத்துக்குப் பினாங்கின் ஜாலான் உத்தாமாவிலும் தண்ணீர்மலை அடிவாரத்திலும் எழும் தண்ணீர்ப் பந்தல்களில், சும்மா எரியும் விளக்கை இப்போதெல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. உறுமி முழங்கினால் முகப்பு வளைவு சிவக்க வேண்டும். ஆள் நெருங்கினால் வேலின் நிறம் மாற வேண்டும். பிள்ளைகள் தாமரை இதழைத் தொட்டால் சுரம் ஒலிக்க வேண்டும். இதையெல்லாம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தம்பிகள் மாலை நேரத்தில் உட்கார்ந்து அழகாகச் செய்துவிடுகிறார்கள். வீட்டு வரவேற்பறையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். பந்தலில் ஏற்றியதும் அடம்பிடிக்கும்.

அடம்பிடிக்கும்போது எங்கே கை வைப்பது என்பதுதான் இக்குறிப்பு. உங்களிடம் இருப்பது பொதுவான அமைப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்: இஎஸ்பி32 கண்ட்ரோலர் (எல்லாவற்றையும் இயக்கும் சிறு கணினிப் பலகை), 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டைகள் (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடியவை), ஒரு மைக், அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வில்லைகள், தொடுதகடுகள், ஆள் வருவதை அறியும் சென்சார்கள், ஒலிபெருக்கி.

பழுது என்றதும் லேப்டாப்பைத் திறந்து நிரலைத் திருத்தத் தொடங்குபவர்கள் உண்டு. தயவுசெய்து மூடி வையுங்கள். நேற்று ஓடிய நிரல் ஓர் இரவில் கெட்டுப்போகாது. வயர் கெடும், ஈயப்பற்று விடும், எர்த் கழன்று போகும், மழைச்சாரல் உள்ளே இறங்கும். நிரலில் கை வைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், முதலைக்கவ்வி வயர்கள், ஒரு மீட்டர் நீளத்தில் நன்றாக எரியும் உதிரிப் பட்டை, ஓர் உதிரிக் கண்ட்ரோலர். உதிரிப் பட்டையைத்தான் அதிகம் பயன்படுத்துவீர்கள். சந்தேகம் வந்த இடத்தில் அதை மாட்டிப் பார்த்தால் பழுது பட்டையிலா, அதற்கு முன்னாலா என்பது உடனே தெரிந்துவிடும்.

5 வோல்ட் பக்கம் முழுவதும் உங்கள் பொறுப்பு. 230 வோல்ட் பக்கத்தில் பிளக், அதனுள் இருக்கும் பியூஸ், எக்ஸ்டென்ஷன் வயர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் பதிவு பெற்ற வயர்மேன்தான் தொட வேண்டும். 5 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற துணிச்சலும் வேண்டாம். பெரிய பவர் சப்ளையின் (230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பெட்டி) 5 வோல்ட் முனைகள் ஒன்றோடொன்று உரசினால் வயர் பழுக்கக் காய்ந்து துணிப்பந்தலில் தீ பிடிக்கும்.

## ஒன்றுமே எரியவில்லை

பவர் சப்ளையின் வெளியீட்டில் மீட்டரை வையுங்கள்.

மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. சுவர் ஸ்விட்ச், எக்ஸ்டென்ஷனின் ஸ்விட்ச், பிளக்கின் பியூஸ் என்ற வரிசையில் பாருங்கள். எல்லாம் சரியென்றால் சப்ளையின் பக்கவாட்டில் 110/220 என்று ஒரு சிறு தள்ளுசுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது 110 பக்கம் இருந்து, நம் 230 வோல்ட்டை ஏற்கெனவே கொடுத்தும் விட்டிருந்தால் சப்ளை பெரும்பாலும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். திறந்து பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். புதிது வாங்குங்கள்.

மீட்டர் 5 காட்டுகிறது, பட்டை இருட்டு. பட்டையில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். சிக்னல் அம்பு காட்டும் திசையில்தான் போகும். பந்தல் வளைவில் ஏணி மீது நின்று கட்டும்போது தலைகீழாகக் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்து, கண்ட்ரோலரின் கிரவுண்டும் (5 வோல்ட் பக்கத்தின் மைனஸ் முனை) பட்டையின் கிரவுண்டும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சப்ளை என்றால் இந்த இணைப்பு கட்டாயம் வேண்டும். பிறகு உதிரிப் பட்டை. அதுவும் எரியாவிட்டால் கண்ட்ரோலரை மாற்றிப் பாருங்கள்.

## பாதி வரை எரிகிறது, அதன்பின் இருட்டு

இந்தப் பட்டைகளில் ஒவ்வொரு எல்இடியும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குக் கடத்துகிறது. நடுவில் ஒன்று செத்தால் பின்னால் இருப்பவை எல்லாம் இருட்டுதான்.

இருட்டு தொடங்கும் இடத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். மீதி எரிந்தால் ஈயப்பற்று விட்டிருக்கிறது. தொழிற்சாலையில் அரை மீட்டர்த் துண்டுகளைப் பற்றவைத்துத்தான் நீண்ட பட்டையாக்குகிறார்கள். அந்தப் பற்றுகள் வளைவில் கட்டும்போது உடையும். மேலே கொஞ்சம் ஈயம் வைத்தால் போதும்.

அழுத்தியும் பயனில்லை என்றால், எரியாத முதல் எல்இடியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடைவெளியை மூன்று சிறு வயர்களால் இணையுங்கள். அப்போதும் இருட்டு என்றால் குற்றவாளி அதற்கு முந்தியது. தான் நன்றாக எரிந்துகொண்டே அடுத்ததற்கு ஒன்றும் கடத்தாமல் இருக்கும். அதையும் வெட்டுங்கள்.

ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் செப்புத் தடத்தைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. ஜார்ஜ் டவுனின் கடற்காற்று ஒரு காரணம். தேர் வரும் வழியில் சாலையோரம் என்றால் தேங்காய்த் தண்ணீர் இன்னொரு காரணம்; குவியல் குவியலாக உடைக்கும்போது தெறிப்பது முகப்பின் கீழ்ப்பகுதி வரை வரும். அதில் உப்பும் சர்க்கரையும் இருப்பதால் காய்ந்த பிறகும் தடங்களுக்கு நடுவே மின்சாரம் கசிய வழி செய்யும். பவரை நிறுத்தி, சுத்தமான தண்ணீரில் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். வெட்டிய முனைகளைச் சிலிக்கோன் வைத்து அடைப்பவர்கள், காடி வாடை அடிக்கும் சிலிக்கோனை வாங்கக் கூடாது. அதில் வெளிவரும் அமிலமே செம்பை அரித்துவிடும். வாடையில்லாத நியூட்ரல் வகை கடையில் உண்டு. பச்சை பாதி நீளத்துக்குப் பரவியிருந்தால் பட்டையைத் தூக்கி எறியுங்கள். ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கும் நேரத்துக்குப் புதுப்பட்டை மலிவு.

## வெள்ளை கேட்டால் கடைசியில் சிவப்பு வருகிறது

தொடக்கத்தில் பால் வெள்ளை, நடுவில் இளமஞ்சள், கடைசியில் செம்பழுப்பு. "எல்இடி மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். அவர்மீது குற்றமில்லை. நீல, பச்சை எல்இடிகளுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும். வோல்ட் குறையக் குறைய நீலமும் பச்சையும் முதலில் சோர்ந்துவிடுகின்றன, சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கிறது.

சோதனை எளிது. எல்லாவற்றையும் முழு வெள்ளையில் எரியவிட்டுப் பட்டையின் தொடக்கத்தில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை வோல்ட் அளவெடுங்கள். விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும். அணைத்துவிட்டு அளந்தால் எல்லா இடத்திலும் 5 காட்டி உங்களை ஏமாற்றும்.

தொடக்கத்திலேயே 4.7-க்குக் கீழே. சப்ளைக்கும் பட்டைக்கும் நடுவில் இருக்கும் வயர் மெல்லியது அல்லது நீளமானது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவும் வரவும் 10 மீட்டர். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 230 வோல்ட் விளக்கில் இந்த இழப்பு யாருக்கும் தெரியாது. 5 வோல்ட்டில் கால்வாசி போய்விடுகிறது. சப்ளையைப் பட்டைக்கு அருகில், மழை படாத பெட்டியில் கொண்டுவந்து வையுங்கள். முடியாவிட்டால் தடித்த வயர் போடுங்கள். வயர் சரியாக இருந்து, சப்ளையின் முனையிலேயே வோல்ட் சரிந்தால் சப்ளை போதவில்லை. கணக்கு இதுதான்: முழு வெள்ளையில் ஓர் எல்இடிக்கு அதிகபட்சம் 60 மில்லிஆம்பியர். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5 மீட்டர்ப் பட்டையில் 300; ஆக 18 ஆம்பியர். 10 ஆம்பியர் சப்ளை திணறத்தான் செய்யும்.

தொடக்கத்தில் 5, கடைசியில் 4-க்குக் கீழே. பட்டையின் செப்புத்தடமே மெல்லியது. அதன் வழியாக இவ்வளவு ஆம்பியரைக் கடத்த முடியாது. கடைசி முனைக்கும் சப்ளையிலிருந்து தனி வயர் இழுத்துப் பவர் கொடுங்கள். 5 மீட்டர்ப் பட்டைக்கு நடுவிலும் ஒன்று கொடுத்தால் நல்லது. இரண்டு சப்ளை பயன்படுத்தினால் பட்டையின் பிளஸ் தடத்தை நடுவில் வெட்டிவிடுங்கள். கிரவுண்டை மட்டும் வெட்டாமல் சேர்த்தே வையுங்கள். பிளஸ்களை ஒன்றாக இணைத்தால் வோல்ட் சற்றுக் கூடுதலாக இருக்கும் சப்ளை சுமை முழுவதையும் தூக்கப் பார்க்கும்.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. ஒளிர்வைக் குறையுங்கள். எல்இடிகளை இயக்கும் டபிள்யூஎல்இடி மென்பொருளிலும் பாஸ்ட்எல்இடி என்ற ஆயத்த நிரல் நூலகத்திலும் ஆம்பியருக்கு உச்சவரம்பு வைக்கலாம். இரவில் பாதி ஒளிர்வே கண்ணைக் கூசும். பந்தலுக்கு முழு வெள்ளை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சப்ளையில் இருக்கும் சிறு திருகைத் திருப்பி வோல்ட்டைக் கூட்டிச் சரிக்கட்டுபவர்களும் இருக்கிறார்கள். 5.3-க்கு மேல் இந்த எல்இடிகள் தாங்காது. கடைசியில் இருப்பவை வெளுக்கும், முதலில் இருப்பவை சாகும்.

புதிதாக அமைக்கப் போகிறவர்கள் நீளமான வளைவுகளுக்கு 12 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2815 வகையை வாங்கலாம். ஆம்பியர் குறைவு. நடுவில் ஓர் எல்இடி செத்தாலும் சிக்னல் அடுத்ததற்குப் போக மாற்றுத்தடமும் அதில் உண்டு.

## தாறுமாறாக மின்னுகிறது, கேட்காத நிறம் எரிகிறது

கிரவுண்ட் இணைப்பை மறுபடியும் பாருங்கள். அது சரியென்றால் கண்ட்ரோலருக்கும் முதல் எல்இடிக்கும் உள்ள சிக்னல் வயரின் நீளத்தைப் பாருங்கள். இஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட் சிக்னல். 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2812பி எதிர்பார்ப்பது, அதன் தரவுத்தாளின்படி, குறைந்தது 3.5 வோல்ட். மேசையில் ஒரு சாண் வயரில் தப்பித்துக்கொள்ளும். பந்தலில் 3 மீட்டர் வயரில் மாட்டிக்கொள்ளும்.

முதலில் வயரைச் சுருக்குங்கள். அடுத்து, பட்டையின் நுழைவாயிலில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். அதன் விலை சில சென்தான். பவர் நுழையும் இடத்தில் 1000 மைக்ரோபாரட் கெபாசிட்டர் ஒன்று. இவற்றால் தீராவிட்டால் 74ஏஹெச்சிடி125 சில்லைக் கண்ட்ரோலருக்குப் பக்கத்தில் வைத்துச் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஜாலான் பசார் கடைகளில் கேட்டு வாங்கலாம். ஹெச்சிடி என்ற எழுத்துகள் பெயரில் இருக்க வேண்டும். வெறும் ஹெச்சி வகைக்கு 3.3 வோல்ட் சிக்னல் சரியாகப் புரியாது.

மின்னவில்லை, ஆனால் சிவப்பு கேட்டால் பச்சையும், பச்சை கேட்டால் சிவப்பும் வருகிறதா? அது பழுதே இல்லை. இந்தப் பட்டைக்கு நிற வரிசை பச்சை, சிவப்பு, நீலம். நிரலில் வரிசையை மாற்றுங்கள். ஒரே நிறம் கேட்டும் பட்டை நெடுக நிறங்கள் மாறி மாறி வந்தால் கடைக்காரர் தந்தது வெள்ளையையும் சேர்த்து நான்கு நிறமுள்ள வகை. அதையும் நிரலில் சொல்ல வேண்டும்.

தைப்பூசத்துக்கு அவசியமான இன்னொன்று. நிரலில் சிவப்பு 255, பச்சை 255 என்று (255தான் உச்ச அளவு) கொடுத்தால் வருவது எலுமிச்சங்காய்ப் பச்சை. காவடிக்காரர்கள் கட்டும் மஞ்சள் வேண்டுமென்றால் பச்சையை 150 அளவுக்குக் குறையுங்கள். காவிக்கு இன்னும் குறைய வேண்டும். நிறங்கள் எல்லாம் வெளிறித் தெரிந்தால் நூலகத்தில் காமா திருத்தத்தை (ஒளிர்வைக் கண்ணுக்கேற்பச் சரிசெய்வது) இயக்குங்கள்.

## மேளத்துக்குச் சரியாக ஆடவில்லை

எங்களுக்கு அதிகம் வரும் புகார் இது. எப்படிச் சரியாக ஆடவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

### எந்த ஒலிக்கும் அசையவில்லை

மைக்கின் வெளியீட்டில் மீட்டரை வையுங்கள். மேக்ஸ்4466 பலகை என்றால் அமைதியில் அதற்குத் தரும் 3.3 வோல்ட்டின் பாதி, அதாவது 1.65 வோல்ட் காட்ட வேண்டும். மேக்ஸ்9814 என்றால் சுமார் 1.25. பூஜ்யமோ முழு 3.3-ஓ காட்டினால் வயர் அல்லது பலகை போயிற்று.

வோல்ட் சரியாக இருந்தால் மைக் கண்ட்ரோலரின் எந்தப் பின்னில் (எண்ணிட்ட இணைப்பு முனை) மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இஎஸ்பி32-இல் வைஃபை ஓடும்போது 0, 2, 4, 12 முதல் 15, 25 முதல் 27 வரையுள்ள பின்களில் அனலாக் அளவீடு நடக்காது. வீட்டில் வைஃபை இல்லாமல் சோதித்திருப்பார்கள், ஓடியிருக்கும். பந்தலில் கைப்பேசியால் நிறம் மாற்றுவதற்காக வைஃபையை இயக்கியதும் மைக் ஊமையாகிவிடும். 32 முதல் 39 வரையுள்ள பின்களில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

ஐஎன்எம்பி441 போன்ற டிஜிட்டல் மைக் என்றால் மீட்டர் உதவாது. அதன் இட-வலப் பின் கிரவுண்டில் இருந்தால் இடப்பக்கத்தில் பேசும். நிரல் வலப்பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் நாள் முழுக்கப் பூஜ்யம்தான்.

### மேளம் இல்லாதபோதும் ஆடுகிறது

மேக்ஸ்9814 தன் உணர்திறனைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். சுற்றிலும் அமைதி என்றால் காதைத் தீட்டிக்கொண்டு மின்விசிறியின் இரைச்சலுக்கும் ஆடும். மேளம் வந்ததும் தன்னைக் குறைத்துக்கொண்டு, மெல்லிய அடிக்கும் பலத்த அடிக்கும் வித்தியாசமில்லாமல் செய்துவிடும். பேச்சைப் பதிவு செய்ய நல்ல பலகை. மேளத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. வேறு கிடைக்காவிட்டால் ஒலியைப் பெருக்கும் அளவை முடிவு செய்யும் கெயின் பின்னைப் பிளஸ்ஸில் கட்டுங்கள். 40 டெசிபெலில் நிற்கும். எதிலும் கட்டாமல் விட்டால் அது 60.

மைக் ஜெனரேட்டருக்கு அருகிலோ, ஒலிபெருக்கிப் பெட்டியின் மீதோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். மரச்சட்டத்தில் நேராகத் திருகியிருந்தால் நடப்பவர்களின் காலடிகூட மைக்குக்குக் கேட்கும். ஸ்பஞ்சுத் துண்டு ஒன்றை இடையில் வையுங்கள். சாலையில் தேங்காய் உடையும்போதெல்லாம் வளைவு முழுக்க வெள்ளையாகப் பளிச்சிடுகிறது என்ற புகாருக்கு மைக்கால் தீர்வு இல்லை. தேங்காய் உடையும் ஒலி தவில் அடியைவிடக் கூர்மையானது. கீழே சொல்லும் பீசோவுக்கு மாற வேண்டும், அல்லது அதையும் அலங்காரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில பந்தல்காரர்கள் பின்னதையே விரும்புகிறார்கள்.

### தவிலுக்கு ஆடுகிறது, உறுமிக்கு அசையவில்லை

இங்கேதான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் நிரல்கள் பெரும்பாலும் ஒலி திடீரென்று எழும் கணத்தைத் தேடுகின்றன. தவிலின் வலந்தலையில் (வலப்பக்கம்) விரற்கூடுகள் படும்போதும், தொப்பியில் (இடப்பக்கம்) கழி விழும்போதும் அந்த எழுச்சி தெளிவாக இருக்கும். உறுமியில் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். அந்த முனகல் மெல்ல எழுந்து, இழுபட்டு, சுருதி மாறி அடங்குகிறது. அதில் திடீர் எழுச்சி என்று பிடிக்க ஒன்றும் இல்லை. உறுமியின் உயிரே அந்த இழுப்பில்தான் இருக்கிறது. நிரலோ அதைப் பின்னணி இரைச்சல் என்று தள்ளிவிடுகிறது.

அடியைத் தேடுவதை விட்டு ஒலியின் அளவைத் தொடருங்கள். கீழ்ச்சுருதிப் பகுதியின் வலிமையைத் தனியாக எடுத்து, ஏறும்போது வேகமாகவும் இறங்கும்போது மெதுவாகவும் மாறுமாறு செய்து, அதை ஒளிர்வுக்குக் கொடுங்கள். தவிலுக்கு ஒரு வழி, உறுமிக்கு ஒரு வழி என்று இரண்டையும் தனித்தனியாக ஓடவிட்டு, வளைவின் ஓரங்களைத் தவிலுக்கும் நடுப்பகுதியை உறுமிக்கும் ஒதுக்கலாம். எங்கள் பக்கத்துப் பந்தல்களில் இது நன்றாக எடுபடுகிறது.

மேளக்குழு பந்தலிலேயே அமர்ந்து வாசித்தால் பீசோ வில்லையே சிறந்தது. தோலில் ஒட்டாதீர்கள், நாதம் கெடும், அண்ணன்மார் கோபப்படுவதும் நியாயம். அவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் மட்டும் மரக்கட்டையின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். வாத்தியத்துக்குப் பூசை செய்து கும்பிடுகிறவர்களிடம் கேட்காமல் ஒட்டிவிட்டு நிற்கக் கூடாது. வில்லையின் இரு முனைகளுக்கு நடுவில் 1 மெகாஓம் ரெசிஸ்டரும் வோல்ட் மிகாமல் தடுக்கும் 3.3 வோல்ட் ஜீனர் டயோடும் கட்டாயம். பலத்த அடியில் பீசோ பத்துக்கணக்கான வோல்ட்டைத் தள்ளும். கண்ட்ரோலரின் பின் செத்துவிடும். ஓர் அடிக்கு இரண்டு மூன்று முறை மின்னினால், ஓர் அடியைப் பிடித்த பிறகு 40 மில்லிநொடிக்குக் கண்ணை மூடிக்கொள்ளுமாறு நிரலில் சொல்லுங்கள்.

### ஆடுகிறது, ஆனால் பிந்தி ஆடுகிறது

பாட்டு புளூடூத் பெட்டியில் ஒலிக்கிறதா? அப்படியென்றால் தாமதம் அங்கேயே இருக்கிறது, வயருக்கு மாறுங்கள். நேரடி மேளம் என்றால் மைக்கின் தூரத்தைப் பாருங்கள். 10 மீட்டருக்கு ஒலி வந்து சேரவே 29 மில்லிநொடி ஆகிறது. நிரல் நொடிக்கு 10,000 மாதிரி (மைக் ஒலியின் அளவீடு) வீதம் 1024 மாதிரிகளைச் சேர்த்துக்கொண்டு கணக்குப் போட்டால் அதற்கு மட்டும் 102 மில்லிநொடி. 256 ஆகக் குறைத்தால் 26. கடைசியாகப் பட்டையின் நீளம்: ஓர் எல்இடிக்கு 30 மைக்ரோநொடி வீதம் 1000 எல்இடிக்கு 30 மில்லிநொடி. ஒரே வரிசையாக இருந்தால் இரண்டு மூன்று பின்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

## தொடுதகடுகள் தாமாக ஒலிக்கின்றன

பவர் கொடுத்த நேரத்தில் யாராவது தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தார்களா? தொடுதலை உணரும் எம்பிஆர்121 சில்லு தொடங்கும்போது தன் அடிப்படை அளவை எடுத்துக்கொள்ளும். அணைத்து, எல்லாரையும் விலகச் சொல்லி, மறுபடியும் இயக்குங்கள். பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் தகட்டைத் துடையுங்கள். விபூதி, சந்தனம், பன்னீர் என்று பந்தலில் தகட்டின் மீது படியாத பொருள் இல்லை. ஈரப்படலம் இரண்டு இதழ்களை ஒன்றாக்கிவிடும். அடுத்து வயர். தகட்டிலிருந்து சில்லுக்குப் போகும் வயர் சிறிதாகவும், எல்இடி வயர்களோடு ஒட்டாமலும் இருக்க வேண்டும். சில்லைத் தகடுகளுக்குப் பின்னாலேயே வைப்பது நல்லது.

தொட்டாலும் பேசவில்லை, ஆனால் லேப்டாப்போடு இணைத்தால் பேசுகிறது என்றால் எர்த் இல்லை. பவர் பேங்கில் ஓடும் தொடுதகடுகளுக்கு இந்தக் குறை எப்போதும் உண்டு. எர்த் உள்ள மூன்று பின் சப்ளைக்கு மாறுங்கள், அல்லது பிள்ளைகள் நிற்கும் இடத்தில் கிரவுண்டோடு இணைத்த உலோகத்தகடு ஒன்றை விரியுங்கள். சில்லை விட்டு இஎஸ்பி32-இன் தொடுபின்களை நேரடியாகப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய இஎஸ்பி32-இல் தொட்டால் எண் குறையும், எஸ்2, எஸ்3 வகைகளில் கூடும். பலகையை மட்டும் மாற்றி நிரலை மாற்றாவிட்டால் எல்லாம் தலைகீழாக நடக்கும்.

## ஆள் வந்தும் தெரியவில்லை

உடல் வெப்பத்தைக் கொண்டு ஆளை அறியும் பிஐஆர் சென்சார் என்றால் இயக்கிய பிறகு ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகும் பகலில் மட்டும் சோம்பினால் குறை சென்சாரில் இல்லை. அது பார்ப்பது உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. நம் ஊர்ப் பிற்பகலில் தகரக் கூரையின் கீழ் அந்த வித்தியாசமே இருப்பதில்லை. இரவில் நன்றாக வேலை செய்யும். காரணமில்லாமல் இயங்கினால் எதிரே கற்பூரத் தட்டோ அகல்விளக்கோ இருக்கிறதா என்றும், கண்ட்ரோலரின் ஆன்டெனா அதற்கு ஒட்டியபடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹெச்சிஎஸ்ஆர்04 மீயொலி சென்சாருக்கு வெப்பம் பெரிய தொல்லையில்லை, துணி தொல்லை. பருத்த மடிப்புள்ள சேலை ஒலியை விழுங்கிவிடும். சென்சாரின் உயரத்தை மாற்றிவைத்துப் பாருங்கள். இரண்டு சென்சார்கள் அருகருகே இருந்தால் ஒன்றன் எதிரொலியை மற்றது எடுத்துக்கொள்ளும். 60 மில்லிநொடி இடைவெளி விட்டு மாறி மாறி இயக்குங்கள். எதிரொலி வந்ததைச் சொல்லும் அதன் எக்கோ பின் 5 வோல்ட் தருவது. 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர்களால் பிரித்துத்தான் இஎஸ்பி32-க்குக் கொடுக்க வேண்டும்.

## கண்ட்ரோலர் தானே நின்று தானே தொடங்குகிறது

வெள்ளைப் பளிச்சிடல் வரும் கணத்தில் நடக்கிறதா? வோல்ட் சரிகிறது. மேலே வெள்ளை-சிவப்புப் பகுதியில் சொன்னதைச் செய்யுங்கள், அல்லது கண்ட்ரோலருக்குத் தனிச் சப்ளை கொடுங்கள், கிரவுண்டைச் சேர்க்க மறக்காமல். காவடியில் பவர் பேங்க் கட்டியிருந்து, விளக்கு அடங்கியிருக்கும் நேரத்தில் எல்லாம் அணைந்துபோனால் அது வேறு கதை: போதிய ஆம்பியர் இழுக்கப்படவில்லை என்று பவர் பேங்க் தானே தூங்கிவிட்டது. எப்போதும் சில எல்இடிகளை மங்கலாக எரியவிடுங்கள்.

## ஒலிபெருக்கியில் இரைச்சல்

எல்இடி எல்லாவற்றையும் நிரலில் அணையுங்கள்.

இரைச்சல் நின்றுவிட்டது. பழைய டபிள்யூஎஸ்2812பி நொடிக்குச் சுமார் 400 முறை அணைந்து எரிந்துதான் ஒளிர்வைக் குறைக்கிறது. அது காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது. ஆடியோவும் எல்இடியும் ஒரே சப்ளையில், ஒரே கிரவுண்ட் வயரில் ஓடினால் பாட்டுக்குள் அது புகும். சப்ளையைப் பிரியுங்கள், ஆடியோ வயரை எல்இடி வயர்களிலிருந்து விலக்குங்கள்.

இரைச்சல் நிற்கவில்லை, அடித்தொண்டையில் முனகுகிறது. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றுங்கள். நின்றால் எர்த் வளையம், அதாவது லேப்டாப்பும் ஒலிபெருக்கியும் இரு வேறு வழியில் எர்த்தோடு இணைந்திருப்பது. ஆடியோ வழியில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பெட்டி ஒன்றைப் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை வெட்டி இரைச்சலை நிறுத்தும் வித்தையை யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள். மழையில் நனைந்த தரை, வெறுங்காலோடு வரும் பக்தர்கள், எர்த் இல்லாத இரும்புச் சட்டம் மூன்றும் சேர்ந்தால் உயிர் போகும்.

## பிரேக்கர் விழுகிறது, அல்லது சட்டத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது

சுருக்கென்றால் சோதனை எதுவும் வேண்டாம். சட்டத்தை விட்டு விலகி, மெயின் ஸ்விட்சை அணைத்து, ஆட்களை ஒதுக்கி நிறுத்தி, வயர்மேனை அழையுங்கள்.

பிரேக்கர் மட்டும் விழுகிறது என்றால் பின்வருவதை மட்டும் நீங்கள் பார்க்கலாம். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பிரேக்கரைத் தூக்கி, ஒவ்வொன்றாக மாட்டுங்கள். குறிப்பிட்ட ஒன்றை மாட்டியதும் விழுந்தால் அதை ஒதுக்கிவையுங்கள். எந்த வரிசையில் மாட்டினாலும் ஐந்தாவதோ ஆறாவதோ சேரும்போது விழுந்தால், ஒவ்வொரு பவர் சப்ளையும் எர்த்துக்குக் கசியவிடும் சிறு மின்னோட்டம் கூட்டுச் சேர்ந்திருக்கலாம். 30 மில்லிஆம்பியர் கசிவுப் பிரேக்கர் அதில் பாதியைத் தாண்டினாலே விழக்கூடும். சுமையை வேறு வேறு லைன்களுக்குப் பிரிக்க வேண்டும். அது வயர்மேனின் வேலை. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் உருளையைப் பாதி சுற்றியபடி விட்டிருந்தால் முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுற்றிய வயர் சூடேறி உறை உருகிவிடும்.

பிரேக்கர் தொல்லை தருகிறதென்று அதைத் தாண்டி நேராக வயர் போடச் சொல்லும் பெரியவர் ஒருவர் எல்லாப் பந்தலிலும் இருப்பார். மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ஜெனரேட்டரில் ஓடும் பந்தல் என்றால் விளக்கு ஏற்றும் முன்பே வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஜெனரேட்டரின் நியூட்ரலும் எர்த்தும் முறையாக இணைக்கப்படாவிட்டால் கசிவுப் பிரேக்கர் இருந்தும் ஆபத்து நேரத்தில் விழாது. அதை நம் மல்டிமீட்டரை வைத்து உறுதி செய்ய முடியாது.

அழைக்கும்போது மூன்று விஷயங்களைத் தயாராகச் சொல்லுங்கள்: மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எத்தனை பவர் சப்ளை மாட்டியிருக்கிறீர்கள், எதை மாட்டியபோது விழுந்தது. தைப்பூச வாரத்தில் வயர்மேன்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. முன்கூட்டியே ஒருவரிடம் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.